வெளிப்பக்கமாக ஓடிய பத்து கிலோமீட்டர்

குழுக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு இந்தப் பயணமே வாய்த்திருக்காது. திருச்சியில் எங்கள் ஓட்டக் கழகம் ஆண்டுதோறும் பத்து கிலோமீட்டர் போட்டி ஒன்றை நடத்துகிறது. அளந்து சான்று பெற்ற பாதையில் நாற்பத்திரண்டு நிமிடத்துக்குள் ஓடிய பெண்களை விருந்தினராக அழைப்போம். போக வர டிக்கெட்டும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. இந்த முறை இலங்கையிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. தவமணி, வயது முப்பத்து மூன்று, கொழுந்து பறிக்கும் தொழிலாளி, மேட்டுக்காட்டுத் தோட்டம், ஹட்டன். நேரம் நாற்பத்தொரு நிமிடம் இருபது வினாடி. எல்லோரும் ஆஹா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "பாதையை அளந்தது யார்?" என்று கேட்ட வாய் என்னுடையது.

விண்ணப்பத்தோடு சான்று எதுவும் இல்லை. "சரி டீச்சர், நீங்களே போய் அளந்துட்டு வந்துடுங்க" என்றார் செயலாளர். பாதி கிண்டல், பாதி நிஜம். பள்ளிக்கும் விடுமுறை. முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். போட்டிப் பாதைகளை அளக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் எங்கள் கழகத்தில் நான் ஒருத்திதான். உப்புமாவுக்கு உப்பையும் ஸ்கேல் வைத்துப் போடுகிறவள் என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாதையை அளக்கும் கருவி மிகச் சிறியது. சைக்கிளின் முன்சக்கரத்தில் பொருத்திவிட்டால் சக்கரம் உருள உருள எண்ணிக்கொண்டே போகும். எஃகு டேப்பால் அளந்த ஒரு நேர்த் தெருவில் முதலில் ஓட்டிப் பார்த்து, இத்தனை எண்ணுக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பிறகு பாதை முழுவதையும் ஓட்ட வேண்டும். கொழும்பு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதை விரலால் உருட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டார். ரோட்டை அளப்பது என்றேன். எங்கள் ரோட்டை நீங்கள் எதற்கு அளக்கிறீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஹட்டன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாள். வளைவுகளில் என் முகம் போன போக்கைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து என் வாயிலேயே போட்டுவிட்டார். கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் கொதித்துப் புகை கிளம்பியது. எல்லோரும் இறங்கி அடுத்த கடை வரைக்கும் நடங்கள், வண்டி ஆறியதும் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார் ஓட்டுநர். எங்கள் ஊராக இருந்தால் அங்கேயே அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கும். இங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மூட்டை முடிச்சோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

நானும் நடந்தேன். முதல் வளைவு வந்ததும் வழக்கம்போல உள்பக்கமாகக் குறுக்கே வெட்டினேன். தூரத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். சட்டென்று அந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். பின்னால் மூட்டையோடு வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்: "சாகப் போறியா மகளேன்னு கேக்கிறாங்க." நான் வேறு ஊர்க்காரி என்பதால் அக்கறையில் கடிந்துகொள்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வெளிப்பக்கமாக நடந்தேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹட்டனில் என்னை அழைத்துப் போக ஒரு லொறி வந்திருந்தது. அதை ஓட்டி வந்தவர் மருதை. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், காதை மூடிய கம்பளித் தொப்பி. தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவரும் அவர்தான், அங்குள்ள ஓட்டக் கழகத்தைத் தொடங்கிய பயிற்சியாளரும் அவர்தான். கடைவீதியில் ஒரு சாமான் கடை முதலாளியிடம் கெஞ்சி எனக்கு ஒரு சைக்கிள் இரவல் வாங்கி வைத்திருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு சைக்கிள் நிற்கும். இங்கே அது காட்சிப் பொருள். "ஏத்தத்துல நாம அதத் தூக்கணும், எறக்கத்துல அது நம்மளத் தூக்கும். யாரு வாங்குவா டீச்சரம்மா?" என்றார்.

தோட்டத்தின் பழைய புள்ளக்காம்பராதான் கழகத்தின் அறை. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். புதிதாக ஒன்று கட்டியதால் இது காலியாகிவிட்டது. தொட்டில் தொங்கிய வளையங்களில் இப்போது பதக்கங்கள் தொங்குகின்றன. மாவட்டப் போட்டியில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பெண்கள் குழுக் கோப்பை. மாகாணப் போட்டியில் ஒருமுறை முதல் மூன்று இடமும் இவர்களுக்கே. அந்த மூன்று பேரும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். மொத்தம் பதினேழு உறுப்பினர். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதே காலோடு ஓட வருகிறார்கள்.

ஒரு சுவர் முழுக்க எனாமல் பெயிண்டில் பெயர்களும் நேரங்களும். தோட்டத்துப் பத்து கிலோமீட்டர் பாதையில் பதினோரு வருடமாக ஆண்டுப் போட்டியில் ஓடியவர்களின் சாதனைப் பட்டியல் அது. இந்த வருடத்துப் போட்டி வரும் ஞாயிறு. எல்லாவற்றுக்கும் மேலே தவமணி, 41:20. பக்கத்தில் ஆணியில் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கியது. அதில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"இதுதான் அளந்ததுங்க. ஆபீஸ்ல மலைய அளக்குற சங்கிலி. இருவது மீட்டரு. ஒரு முனை எங்கிட்ட, ஒரு முனை தவமணிகிட்ட. முழுசா ரெண்டு நாளு" என்றார் மருதை. "சரஸ்வதி பூசைக்கு இதுக்கும் பொட்டு வைப்போம்."

அன்று நான் தங்கியது தவமணியின் லயத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில். அவருடைய கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவாராம். தவமணி ஒல்லி, நெடுநெடுவென்று உயரம், பேசும்போது பாதிச் சிரிப்பு. தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டசம்பல் அரைத்து வைத்தார். காரம் காது வழியாகப் போனது. பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொட்டினார். சீனியை நக்கிக்கொண்டே டீ குடிக்க வேண்டும். திருச்சியில் என் பாலூற்றிய டீயை இனிமேல் டீ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

"திருச்சிக்கு எதுக்கு வரணும்னு ஆசப்படுறீங்க?" என்று கேட்டேன். பரிசுத் தொகை என்பார், அல்லது கோயில் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவ சமதரையில ஓடிப் பாக்கணும் டீச்சர்" என்றார். "பொறந்ததுலருந்து மேடு, இல்லாட்டி பள்ளம். மூச்சு ஒரே மாதிரி வருமாமே? பத்துக் கிலோமீட்டரும் ஒரே மாதிரி வருமா? அது எப்பிடி இருக்கும்னு தெரியணும்."

காவிரிக் கரையில் தினமும் காலையில் சமதரையில் ஓடி, சலிப்பாக இருக்கிறது என்று புலம்புகிறவள் நான். வந்த வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முந்நூறு மீட்டர் நேரான தெரு ஒன்றைத் தேடி அலைந்தோம். அந்த மலையில் அது சாமானியமா? கடைசியில் மாரியம்மன் தேர் ஓடும் தெரு அகப்பட்டது. தோட்டத்திலேயே நேராக இருப்பது அது ஒன்றுதான், அதுவும் இருநூற்று நாற்பது மீட்டர். போதும் என்று டேப்பை விரித்தோம். தூறல் விடவில்லை. கணுக்காலில் அட்டை ஏறியது. குளிரில் எஃகு கொஞ்சம் சுருங்கும், அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று நான் நோட்டில் எழுதினேன். மருதை எட்டிப் பார்த்தார். "குளுருக்கு நாங்களுந்தான் சுருங்குறோம். எங்களுக்கும் எதும் போட்டுக் குடுங்களேன்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் அளவு. தொழிற்சாலை வாசலில் தொடங்கி, வளைந்து வளைந்து ஆற்றுப் பாலம் வரை இறங்கி, அங்கே திரும்பி அதே வழியில் ஏறி வர வேண்டும். முப்பத்தோரு வளைவுகள். போகவும் வரவும் சேர்த்தால் அறுபத்திரண்டு. நான் சைக்கிளில் முன்னால், எனக்குக் காவலாக மருதை லொறியில் பின்னால்.

எங்கள் விதி ஒன்றுதான். ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறைந்த தூரம் எதுவோ, அதுதான் பாதையின் நீளம். எனவே ஒவ்வொரு வளைவிலும் உள்பக்க ஓரத்தை ஒட்டியே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஹாரன். "உள்ளுக்குப் போகாதீங்க! வெளிய வாங்க!" எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்று, "அளக்கிறது நீங்களா நானா?" என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு ஹாரன் அடிக்கவில்லை.

மேலே வந்து கணக்குப் போட்டேன். ஒன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது மீட்டர். இருநூற்றுப் பதினொன்று குறைகிறது. என் தவறாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். ஒரு மீட்டர்தான் வித்தியாசம். பாலத்திலிருந்து ஏறிய இரண்டாவது ஏற்றத்தில் என் உயிர் போய் வந்தது, அது வேறு கதை.

மருதையிடம் சொன்னேன். "எங்க சங்கிலி பொய் சொல்லாதுங்க" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை, சூடு இருந்தது. சங்கிலியைக் கழற்றி வந்து தேர்த் தெருவில் டேப்புக்குப் பக்கத்தில் நீட்டினோம். இருபது மீட்டர். ஒரு விரல்கூடக் குறையவில்லை, கூடவில்லை. சங்கிலியும் சரி, சைக்கிளும் சரி என்றால் இருநூற்றுப் பதினொரு மீட்டர் எங்கே போனது? தொழிற்சாலை மதில்மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வேலை முடிந்து பெண்கள் கீழிருந்து ஏறி வந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும், தலையில் கட்டியிருந்த சாக்குப் படங்கு முதுகில் தொங்க, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவு வந்தது. பேச்சு நிற்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவுமில்லை. அத்தனை பேரும் ரோட்டைக் கடந்து வளைவின் வெளிப்பக்கத்துக்குப் போனார்கள். அடுத்த வளைவு எதிர்த்திசையில் திரும்பியது. மறுபடி அத்தனை பேரும் இந்தப் பக்கம் கடந்தார்கள். கினிகத்தேனை ரோட்டில் என் முழங்கையைப் பிடித்து இழுத்த அம்மாள் நினைவுக்கு வந்தார். நான் மதிலிலிருந்து குதித்தேன்.

"மருதண்ணே, நீங்க சங்கிலி பிடிச்சப்போ வளைவுல எந்தப் பக்கம் பிடிச்சீங்க?"

"இதென்ன கேள்விங்க? வெளிப்பக்கந்தான்." அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உள்பக்கம் லொறிக்குள்ளது. வளைவுல உள்ளுக்குள்ள போற ஆள டிரைவருக்குத் தெரியாது. வெளிய நின்னாத்தான் தூரத்துலயே தெரியும். இந்தத் தோட்டத்துல நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்கெல்லாம் நான்தாங்க சொல்லிக் குடுத்திருக்கேன். வளைவுன்னா வெளிய."

சங்கிலி வளைவுகளின் வெளிப்பக்கமாகவே போயிருக்கிறது. நடக்கிறவர் போகிற வழியில் பத்து கிலோமீட்டர், என் விதிப்படி இருநூற்றுப் பதினொன்று குறைவு. வேறு எந்த ஊர்க்காரர்களும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். தவறு என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது.

புள்ளக்காம்பராவில் எல்லோரையும் உட்காரவைத்து, தரையில் சாக்கட்டியால் ஒரு வளைவை வரைந்து விளக்கினேன். குறைகிற தூரத்தோடு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இன்னும் பத்து சேர்க்க வேண்டும், அளவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக என்றேன். "கொசுறா?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

தவமணி சாக்கட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், ஓடும்போதும் நாங்க வெளிப்பக்கமாத்தானே ஓடுனோம்?"

"ஆமாம்."

"அப்ப நான் ஓடுனது பத்துத்தானே?"

"பத்துதான்."

"அத எழுத ஏலாதா?"

எழுத முடியாது. யார் எந்தப் பக்கமாக ஓடினார்கள் என்று விதி கேட்பதில்லை, எந்தப் பக்கமாக ஓடியிருக்கலாம் என்றுதான் கேட்கிறது. அதைத் தவமணியிடம் சொன்னேன். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. உண்மையில் முழுத் தூரமும் ஓடிய ஒருத்திக்குத்தானே போடுகிறோம் என்று மனம் வாதாடியது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டால், நாளைக்குத் திருச்சியில் யாராவது அதே கேள்வியைக் கேட்டு, இந்தச் சுவரில் இருக்கிற அத்தனை பெயரையும் ஏமாற்றுக்காரர்கள் என்பார்கள். கேட்கக்கூடியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். நானே அந்த ரகம்.

மருதை எழுந்து வெளியே போய்விட்டார். தவமணி மட்டும் கோட்டிலிருந்து நிமிர்ந்து, "நாளைக்குத்தானே வருசப் போட்டி. பாலத்துக்கு அங்கிட்டு அந்தத் தூரத்தச் சேத்துப் போட்டுக் குடுங்க. ஓடிப் பாக்குறேன்" என்றார். திருப்பத்தைப் பாலத்துக்கு அப்பால் தள்ளி, நூற்றுப் பதினோராவது மீட்டரில் ஆணி அடித்து வெள்ளை பூசினோம்.

இனி அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வளைவில் உள்பக்கமாக ஓட வேண்டும். வழக்கம்போல வெளிப்பக்கமாக ஓடினால் வீணாக இருநூறு மீட்டர் அதிகம், கிட்டத்தட்ட ஐம்பது வினாடி. நாற்பத்திரண்டுக்குள் வர வாய்ப்பே இல்லை.

மாலையில் ஒன்பதாவது வளைவில் பழகிப் பார்த்தார். வேகமாக வருவார், உள்பக்கம் நோக்கி நாலு எட்டு வைப்பார், பிறகு கால் தானாக வெளியே போய்விடும். பத்துத் தடவை பார்த்தேன். "புத்திக்குத் தெரியுது டீச்சர், காலுக்குத் தெரியல" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி அதே இடத்தில்தான் பல வருடம் முன்பு லொறியில் அடிபட்டாராம். இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். "நாளைக்கு வண்டி எதுவும் விட மாட்டோம்னு தோட்டத்துத் தொரை சொல்லியிருக்காருல்ல?" என்றேன். "ஒவ்வொரு வருசமும் சொல்லுவாங்க. போன வருசம் பாதி ஓட்டத்துல டிராக்டர் வந்துச்சு" என்றார்.

ஞாயிறு காலை மலையே தெரியாத மூடுபனி. திருச்சிப் போட்டியில் இந்த நேரத்தில் ஒலிபெருக்கியும் சினிமாப் பாட்டும் காதைக் கிழிக்கும். இங்கே கேட்டதெல்லாம் இருமலும் காலை உதறும் சத்தமும்தான். தவமணி அரை ரொட்டியும் ஒரு கோப்பைப் பிளேன்டீயும் மட்டும் சாப்பிட்டிருந்தார். மருதையை எங்கும் காணவில்லை. நேற்றிலிருந்து என்னோடு பேசாதவர், கோபத்தில் வராமலே இருந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை ஷெட் பக்கமிருந்து வந்தார். நேரே தவமணியிடம் போனார். சிவப்புக் கயிற்றில் சேர்த்துக் கட்டிய இரண்டு சாவிகளை அவர் கையில் வைத்தார்.

"இந்தா புள்ள. தோட்டத்துல ஓடுற வண்டியே ரெண்டுதான். லொறிச் சாவி ஒன்னு, டிராக்டர் சாவி ஒன்னு. பாலத்துக்கு அங்கிட்டு உள்ள கேட்டையும் பூட்டியாச்சு. ரெண்டு சாவியும் ஓங் கையில இருக்கு. இனி எந்த வண்டி வரும், சொல்லு?"

தவமணி சாவிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கயிற்றை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றி மூடிக்கொண்டார். "நான் ஒம்பதாவது வளைவுல உள்ளுக்கு நிப்பேன்" என்று சொல்லிவிட்டு மருதை இறங்கி நடந்தார். முப்பது வருடமாக லொறி ஓட்டும் அவர் யாரையும் நிற்கவிடாத இடத்தில்.

விசில் ஊதினேன். பனி அவர்களை விழுங்கியது. அதன்பிறகு என் கையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் மட்டும்தான். அளப்பவளுக்கு ஆசை இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கு அன்று இருந்த ஆசையைச் சொன்னால் என் பயிற்சிச் சான்றிதழையே பிடுங்கிக்கொள்வார்கள்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பனி கொஞ்சம் விலகியது. தொழிற்சாலை முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே கடைசி வளைவுகள் படிப்படியாகத் தெரியும். முதலில் வந்த ஆண்கள் இருவரும் பழக்க தோஷத்தில் வெளிப்பக்கமாகவே சுற்றி வந்தார்கள். பிறகு ஒன்பதாவது வளைவில் ஒரு கம்பளித் தொப்பி தெரிந்தது. மருதை உள்பக்கச் சரிவை ஒட்டி முதுகைச் சாய்த்து நின்றார். தவமணியின் சிவப்புச் சட்டை நேராக அவரை நோக்கி வந்தது. அவரை உரசாத குறையாக, உள்ளோரத்து வடிகாலை ஒட்டித் திரும்பியது. அதற்கடுத்த வளைவிலும் உள்பக்கம். அதற்கடுத்ததிலும். ஒரே ஒரு வளைவில் மட்டும் கொஞ்சம் வெளியே போய், தலையை உலுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் வாய்விட்டுக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

கோட்டைத் தாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டே நின்றார். மருதை மேலே ஏறி வந்து சேரும்வரை காத்திருந்து, விரல்களைப் பிரித்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது.

"அண்ணே, ஓங்க சாவி" என்றார். அதைக் கொடுத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு டீச்சர்?"

கடிகாரத்தை நீட்டினேன். நாற்பத்தொரு நிமிடம் நாற்பத்தேழு வினாடி. தவமணி இரண்டு தடவை படித்தார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருதை தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாலையில் புள்ளக்காம்பராவில் பெயிண்ட் டப்பாவோடு மருதை சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "பழசெல்லாம் அழிச்சுறணுமாங்க டீச்சரம்மா?"

"ஒன்றைக்கூட அழிக்காதீங்க. மேலே 'வெளிப்பக்கமாக ஓடியது' என்று எழுதுங்க. பக்கத்தில் 'உள்பக்கம்' என்று புதிதாக ஒன்று ஆரம்பியுங்க. இரண்டும் உண்மைதான்." பதினோரு வருடப் பட்டியலுக்கு மேல் அவர் அதை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். புதிய வரிசையில் அன்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சங்கிலியைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார். என்மேல் கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து மாசிக் கருவாட்டுச் சம்பல் வந்தது, அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவருடைய லொறியிலேயே ஹட்டனுக்குக் கிளம்பினேன். பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்குப் போகும் நேரம். பெரட்டில்தான் யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் அந்தக் கூட்டத்தைப் பிடித்தோம். பேச்சும் சிரிப்புமாக அத்தனை பேரும் ரோட்டைக் கடந்து வெளிப்பக்கம் போனார்கள். நடுவில் தவமணி, தலையில் சாக்குப் படங்கு, கையில் தூக்குச் சட்டி. நேற்று அவர் ஓடிய உள்ளோரத்தில் எங்கள் லொறி திரும்பியது. அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மருதை ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அடுத்த வளைவையும் தாண்டினோம். பிறகு மருதை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"திருச்சில அவ ஓடப்போற ரோட்டுல வளைவு உண்டுங்களா?"

"இல்லை. ஆற்றங்கரையோரம் நேர் ரோடுதான். நீளத்துக்கும்."

அவர் கியரை மாற்றினார். "அப்பச் சரி. எந்தப் பக்கம் ஓடுனாலும் ஒரே தூரந்தான்."